இடக்கைக்கு ஒரு மட்டை

சாட்சிக்கு வாருங்கள்! இங்கே குருதி சிந்தவில்லை. சட்டம் எதுவும் மீறப்படவில்லை. காவல் நிலையத்தில் ஒரு புகாரும் இல்லை. பச்சைப் புல்வெளியில், பட்டப்பகலில், நாலு பேர் சிரித்துக்கொண்டிருக்கையில், நல்லவன் என்று ஊரே சொல்லும் ஒருவன் தன் மனைவிக்கு இழைத்த அநீதி இது. அவன் கையில் கத்தி இல்லை, கனிவு இருந்தது. அவன் குரலில் அதட்டல் இல்லை, கேலி இருந்தது. கொடுமை செய்பவன் மீசையை முறுக்கிக்கொண்டுதான் வருவான் என்று எதிர்பார்த்தே பழகிவிட்ட நாம், சிரித்துக்கொண்டு வருகிற கொடுமைக்குக் கதவைத் திறந்துவிட்டு நாற்காலியும் போடுகிறோம். ஆகவே வாருங்கள், பாருங்கள், பார்த்ததை மறவாதீர்கள்.

அவன் பெயர் மர்டோ கில்மோர். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் கில்ஹேவன் என்ற சிற்றூரில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். அவ்வூரில் கோல்ஃப் சீமான்களின் ஆட்டம் அன்று. மீன் விற்பவனும் ரொட்டி சுடுபவனும் கூரை வேய்பவனும் தோளில் மட்டைப் பையை மாட்டிக்கொண்டு, கடலோர நகராட்சிப் புல்வெளிக்குப் போவார்கள். மர்டோவும் திருமணமான நாள்முதல் ஒரு சனிக்கிழமையைக்கூட விட்டவனில்லை. மழை பெய்தால் நனைந்துகொண்டு ஆடினான். கடல்மூடுபனி கவிந்தால் பந்து விழும் ஓசையைக் காதால் தேடி ஆடினான்.

அவன் மனைவி நெட்டா பள்ளிக்கூடச் சமையலறையில் நெடுங்காலம் வேலை பார்த்தவள். அவளும் ஓய்வு பெற்ற வாரம், பருப்பு சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி அவன் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"சனிக்கிழமை நானும் வரேன்."

"எங்க?"

"நீ போற எடத்துக்குத்தான். இத்தன வருஷமா சனிக்கிழமையானா உன் முதுகத்தான் பாத்திருக்கேன், மர்டோ. பையத் தூக்கிட்டுப் போற முதுகு. நாலு மணி நேரம் அங்க அந்த டூகலோட என்னதான் பேசுவ?"

"ஒண்ணும் பேச மாட்டோம்."

"அப்ப சரி. நான் வந்து பேசறேன்."

மர்டோ வாய்விட்டுச் சிரித்தான். உண்மையாகவே மகிழ்ந்தான். பிழைப்புக்கு ஓடி ஓடி, ஒரே வீட்டில் இருந்தும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் மட்டுமே பார்த்துக்கொண்ட இருவர், இனி எஞ்சிய சனிக்கிழமைகளை அருகருகே நடந்து கழிக்கப் போகிறார்கள். கேட்டால் சின்ன ஆசை. அறுபதை எட்டியவர்களுக்கு அதைவிடப் பெரிய ஆசை ஏது? இந்த வழக்கில் பறிபோன பொருள் என்னவென்று கேட்பீர்களானால், அதுதான்: அந்தச் சனிக்கிழமைகள்.

புல்வெளியின் நுழைவாயிலில் ஃபின்லேயின் கடை இருக்கிறது. பந்து, கையுறை, குடை, பழைய மட்டை, புதிய மட்டை எல்லாம் அங்கே கிடைக்கும். சுவர் முழுக்க இரும்பு மட்டைகள் வரிசை வரிசையாய்த் தொங்கின. அத்தனையும் வலக்கைக்காரர்களுக்கானவை. ஊரில் இடக்கைக்காரர்களே இல்லையா? இருக்கிறார்கள். எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சுவரில்தான் இல்லை.

ஃபின்லே நடுவயதுக்காரன், நிதானமானவன். நெட்டாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க எந்தக் கையால எழுதுவீங்க, நெட்டா?" என்றான்.

"எழுதறது வலது. மத்ததெல்லாம் இடது."

"எழுதறது மட்டும் ஏன்?"

"பள்ளிக்கூடம்," என்றாள் நெட்டா.

ஒரே ஒரு சொல். அந்தச் சொல் காற்றில் எழுந்தபோது மர்டோ ஒரு மட்டையின் கழுத்தில் தொங்கிய விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபின்லே மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்து நீட்டினான். ஒரு காகிதத்தைக் கசக்கித் தரையில் போட்டான். "இத வாசலுக்குத் தள்ளி விடுங்க பாப்போம். யோசிக்காம."

நெட்டா யோசிக்கவில்லை. இடப்பக்கமாகத் தோள் திரும்ப, துடைப்பம் வீச, காகிதம் வாசலைத் தாண்டிப் போய் விழுந்தது.

"கேள்விக்கே எடமில்ல," என்று சொல்லிவிட்டு, குடைகள் நின்ற கூடைக்குப் பின்னால் கையை விட்டு ஒரு கட்டு மட்டைகளை இழுத்தான் ஃபின்லே. தூசி தட்டினான். "இது ஒண்ணுதான் இடக்கை செட்டு. புதுசில்ல. ஒருத்தர் ஒரு வருஷம் ஆடிட்டுக் கனடாவுக்குக் குடி போயிட்டார். புதுசோட விலைல மூணுல ஒரு பங்கு குடுத்தாப் போதும். ஆறாம் நம்பர்லேருந்துதான் இருக்கு. தூரம் போற மூணும் நாலும் அஞ்சும் இல்லியேன்னு கவலப்படாதீங்க, ஆரம்பிக்கறவங்களுக்கு அது சனியன். இங்க பாருங்க, அடிப்பக்கம் அகலம். மண்ணுல போய்க் குத்திக்காது. முதுகுல குழிச்சு எடுத்து, எடைய ஓரத்துல சுத்தி வச்சிருக்கான். பந்து நடுவுல படலேன்னாலும் போகும். பாதியாவது போகும். பிழை பொறுக்கற மட்டைன்னு சொல்லுவோம். தண்டும் லேசு. தோள் வலிக்காது."

நெட்டா மட்டையைப் பிடித்தாள். இடப்பக்கமாக நின்று, தரை விரிப்பின்மேல் மெல்ல வீசினாள். விரிப்பை உரசி மட்டை மேலேறியது. மறுபடி வீசினாள். மூன்றாம் முறை வீசும்போது அவள் உதடு தன்னையறியாமல் விரிந்தது.

மர்டோ தொண்டையைச் செருமினான்.

"ஃபின்லே, இது மட்டையா மண்வாரியா? ரோட்டு வேலைக்கா எடுத்துட்டுப் போறா?"

"எல்லாரும் இதுலதான் இப்ப ஆரம்பிக்கறாங்க, மர்டோ."

"எங்க வீட்டுல அப்பாவோட மட்டை இருக்கு. பட்டறைல அடிச்ச இரும்பு. அது சும்மா தொங்கும்போது நான் இன்னொண்ணு வாங்கிட்டுப் போனா அந்த மனுசன் கல்லறைலேருந்து எந்திரிச்சு வந்துருவார்."

"அது வலக்கை மட்டையாச்சே. அதுவும் கத்தி மாதிரி மெலிசு. உங்கப்பா கைக்குச் சரி. இவங்க..."

"அட, கோல்ஃப்ல அதான் விசேஷமே!" மர்டோ நெட்டாவின் பக்கம் திரும்பினான். குரலில் பரிவு ததும்பியது. "கேளு கண்ணு. வலக்கை ஆட்டத்துல முன்னால நின்னு வழி காட்டறதே இடக்கைதான். இடக்கை பலமா இருக்கறவங்க வலக்கை மட்டையில ஆடினா, குடுத்து வச்சவங்க. இத யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க."

உண்மைதான், கில்ஹேவனில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். அவரவர் தகப்பன் சொன்னதை அவரவர் சொல்வார்கள். வலப்பக்கம் நின்று ஆடும் ஒருவன்கூட இடப்பக்கம் நின்று சோதித்துப் பார்த்துவிட்டு அதைச் சொன்னதில்லை. புதிதாக ஆட வருபவர் கையில் குடும்பத்து மட்டையைக் கொடுப்பது அந்த ஊரின் வழக்கம். நீ எங்களில் ஒருத்தி என்று சொல்லும் முறை அது. மர்டோ தன் மனைவிக்குக் கௌரவம் செய்வதாகவே நினைத்தான். தகப்பனின் மட்டையைத் தருகிறோம், இதற்குமேல் என்ன தர முடியும்? பாராட்டத்தக்க எண்ணம். ஆனால் நெட்டாவிடம் கேட்டானா? கேட்கவில்லை. இதுவரை மனிதரை மனிதர் நசுக்கிய வழக்கங்களில், கௌரவம் என்ற பெயர் சூட்டப்படாத வழக்கம் எது?

நெட்டா மட்டையைக் கூடைக்குப் பின்னால் சாய்த்து வைத்தாள். அவள் கை அதன் பிடியில் சற்று நேரம் தங்கி நின்றது.

"சரி, உங்கப்பா மட்டையே இருக்கட்டும்," என்றாள்.

மர்டோ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

வசந்தம் வந்தது. கடற்காற்று இன்னும் எலும்பைத் துளைத்துக்கொண்டிருந்த காலைகளில் இருவரும் பயிற்சித் திடலுக்குப் போனார்கள். மர்டோவின் தகப்பனான கிழவரின் மட்டைகள் பளபளத்தன. முகம் சிறியது, அடி மெல்லியது. நடுப்புள்ளியில் பட்டால் பந்து பாடிக்கொண்டு போகும். இம்மி விலகினால் குளிர்ந்த இரும்பின் அதிர்ச்சி முழங்கைவரை ஏறும். பழகாத பக்கம் நின்று, பழகாத தோளைத் திருப்பி வீசுகிற நெட்டாவுக்கு நடுப்புள்ளி எங்கே அகப்படும்? பந்து நின்ற இடத்தில் நின்றது; புல்தான் பறந்தது. பந்து நகர்ந்தால் எலிபோலத் தரையோடு ஓடிப் பக்கத்துப் புதரில் ஒளிந்தது.

மர்டோ பொறுமைசாலி. ஒருநாளும் கடிந்து பேசவில்லை. பின்னால் நின்று அவள் விரல்களை ஒவ்வொன்றாய் எடுத்துச் சரியான இடத்தில் வைத்தான். "தலையைத் தூக்காத, கண்ணு. தோளத் தளர விடு. மறுபடி." அவள் மறுபடி வீசினாள். இரவில் உள்ளங்கையில் களிம்பு தடவிக்கொண்டாள். தொடக்கத்தில் சிரித்தாள், "பந்து என்னப் பாத்துக் கண்ணடிக்குதுடா மர்டோ" என்றாள். அவன் நண்பன் டூகல் ஒருநாள் அந்தப் பக்கம் போகையில் நின்று கத்தினான்:

"டேய் மர்டோ, ஊர்ப் புல்லெல்லாம் உன் பொண்டாட்டியே புடுங்கிட்டா நகராட்சி ஆளுக்கு வேலை போயிருமேடா!"

"உன் மண்டைல இருக்கறதையும் சேத்துப் புடுங்கி விடவா, டூகல்?" என்றாள் நெட்டா. "அடடே, அங்கதான் ஒண்ணுமே இல்லியே!"

அது ஏப்ரலில். ஜூலையில் டூகல் கேலி செய்தபோது அவள் பதில் சொல்லவில்லை. மட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பேச்சுத்துணைக்கு வந்தவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள் என்பதை மர்டோ கவனித்தான். ஆட்டத்தில் கவனம் கூடுகிறது, நல்ல அறிகுறி என்று முடிவு செய்தான்.

ஆகஸ்டில் தம்பதியர் போட்டி. ஒரு ஜோடிக்கு ஒரே பந்து. கணவன் ஒருமுறை அடித்தால் அடுத்த அடி மனைவிக்கு. அவள் விட்ட இடத்திலிருந்து அவன். ஒருவர் செய்யும் பிழையை மற்றவர் சுமந்தாக வேண்டிய ஆட்டம். அந்த ஊரில் பல குடும்பங்கள் அதற்குப் பிறகு ஒரு வாரம் பேசிக்கொள்வதில்லை. மர்டோவுக்கும் நெட்டாவுக்கும் எதிரே டூகலும் அவன் மனைவி ரீனாவும் ஆடினார்கள்.

பாதி ஆட்டத்துக்குப் பிறகு ஒரு குழியை நோக்கி ஆடும்போது, நெட்டாவின் அடி எப்படியோ நேராகப் போய்விட்டது. அடுத்தது மர்டோவின் முறை. அந்த உற்சாகத்தில் வேகமாக வீசினான். பந்து வளைந்து, இடப்புறம் ஓடும் பழைய கற்சுவரின் அடியில் போய் ஒட்டிக்கொண்டது.

சுவருக்கும் பந்துக்கும் நடுவே ஒரு பூனை படுக்க இடமில்லை. வலக்கைக்காரர் நின்று அடிக்க வேண்டிய இடத்தில் சுவர் நின்றது.

"விடு, கண்ணு," என்றான் மர்டோ. "கைல எடுத்து இந்தாண்ட போட்டுக்கலாம். ஒரு அடி தண்டம், அவ்வளவுதான். தப்பு என்னோடது."

நெட்டா பந்தைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். பிறகு பந்தைச் சுற்றி நடந்து, திறந்த வெளிப் பக்கமாக வந்து நின்றாள். கிழவரின் எட்டாம் நம்பர் இரும்பை உருவி, அதன் தலையின் நுனி தரையைப் பார்க்கத் தலைகீழாகத் திருப்பினாள். இடக்கையைக் கீழே கொண்டுவந்து பிடித்தாள். எந்தக் காலை எங்கே வைப்பது, எந்த விரல் எதன்மேல் என்ற பாடம் எதுவும் அந்த உடலுக்குத் தேவைப்படவில்லை. காகிதப் பந்தைத் தள்ளிய அதே தோள் அதே போலத் திரும்பியது.

சடக்கென்று ஓர் ஓசை. பந்து எழுந்தது. காற்றில் ஏறி, சரிவில் இறங்கி, குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையின் ஓரத்தில் விழுந்து, தயங்கித் தயங்கி உருண்டு, கொடிக்கம்புக்குப் பக்கத்தில் போய் நின்றது.

 முதலில் வாய் திறந்தவள் ரீனா.

"அடியே நெட்டா! இத்தன நாளா உனக்குள்ள யாருடி ஒளிஞ்சிருந்தா?"

"இது செல்லுமா?" என்றான் டூகல். "மட்டையத் தலகீழாப் புடிச்சு அடிச்சா ஆட்டத்துல சேருமா?"

"மட்டையோட தலைல பட்டாச் சேரும். நீ வாய மூடு," என்றாள் ரீனா.

நெட்டா அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. மர்டோவைப் பார்த்தாள். அந்த முகத்தை அவன் திருமண நாளன்றுகூடப் பார்த்ததில்லை. சிவந்து, விரிந்து, மூச்சு வாங்கி, "பாத்தியா?" என்று கேட்கும் முகம். பாத்தியா, இதுதான் நான் என்று சொல்லும் முகம்.

அந்தக் கணத்தில் மர்டோ கில்மோர் சொல்லியிருக்கக்கூடிய சொற்கள் எத்தனை! "வா, இப்பவே ஃபின்லே கடைக்குப் போவோம்" என்று சொல்லியிருக்கலாம். "நான் தப்புப் பண்ணிட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் வாயடைத்து நின்றிருந்தால்கூட அவன் பிழைத்திருப்பான். ஆனால் அவன் டூகலின் பக்கம் பார்த்தான். கடையில் சொன்ன தத்துவம், தகப்பனின் மட்டை, வசந்தம் முழுக்க அவள் தடவிக்கொண்ட களிம்பு, எல்லாம் ஒரே அடியில் பொய்யாகிவிட்டன. அதுவும் டூகலின் கண் முன்னால். அதை மூட அவனுக்கு ஒரு போர்வை வேண்டியிருந்தது. கைக்கெட்டிய போர்வை கேலி.

"குருட்டு யோகம்!" என்று சிரித்தான். "போதும் கண்ணு, வித்தை காட்டினது. அடுத்த அடிய ஒழுங்கான கையால அடி."

டூகல் சிரித்தான். ரீனாவும் சிரித்துவிட்டாள். அநீதி நிகழ்ந்து முடிந்தது. பார்த்தீர்களா? இவ்வளவுதான். இவ்வளவு எளிதாகத்தான் அது நிகழ்கிறது.

மிச்சமிருந்த குழிகளை நெட்டா ஒழுங்கான கையால் ஆடினாள். ஒழுங்காகத் தோற்றார்கள்.

வீடு திரும்பும் வழியில், துறைமுகத்து இறக்கத்தில், அவள் கேட்டாள்:

"ஒழுங்கான கைன்னு சொன்னியே."

"அட, விளையாட்டுக்குச் சொன்னது."

"பள்ளிக்கூடத்துல மிஸ் பாலன்டைனும் அதத்தான் சொல்லும். தோல் வார மேசை மேல மடிச்சு வச்சுட்டு, மெதுவாத்தான் சொல்லும். 'நெட்டா, ஒழுங்கான கை.' பென்சில் இடது கைக்குத் தானாப் போயிரும். அப்புறம் வார் பேசும். சிரிச்சுக்கிட்டேதான் அடிக்கும், அந்தப் பொம்பள."

மர்டோ அவள் பக்கம் திரும்பினான். "இத நீ எங்கிட்டச் சொன்னதே இல்லியே?"

"ஃபின்லே கடைல சொன்னேன், மர்டோ. நீ விலையப் பாத்துட்டிருந்த."

அன்று மாலை அவள் கிழவரின் மட்டைகளை வெந்நீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவி, மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரியில் அடுக்கினாள். கதவைச் சாத்தினாள். "உங்கப்பாவோடது. பத்திரமா வச்சிருக்கேன்," என்றாள். அதில் குத்தல் ஏதுமில்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. கை ஆறட்டும் என்று நினைத்தான். அதற்கடுத்த சனிக்கிழமை, தேவாலயத்துக்குப் பின்னாலிருக்கும் உருட்டுப்பந்துத் திடலுக்குப் போனாள். கைக்குள் அடங்கும் கனமான பந்தைப் புல்லில் உருட்டி விடும் ஆட்டம் அது. எந்தக் கையால் உருட்டுகிறாய் என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. பந்தில் இடம் வலம் இல்லை. குளிர்காலம் வருமுன் அவளை அணியில் சேர்த்துக்கொண்டார்கள். மறு ஆண்டு அவள் இல்லாமல் அணி வெளியூர் போவதில்லை என்றானது.

வீட்டில் சண்டை இல்லை. சூப் இருந்தது, சிரிப்பு இருந்தது, தொலைக்காட்சி முன்னால் ஒரே கம்பளி இருவர் காலுக்கும் இருந்தது. சனிக்கிழமை மட்டும் இருவரும் வாசலில் பிரிந்து, அவன் கடலை நோக்கியும் அவள் தேவாலயத்தை நோக்கியும் நடந்தார்கள். முன்பு அவன் முதுகை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது திரும்பித் திரும்பிப் பார்ப்பவன் அவன். காற்று ஏதுவாக வீசும் நாள்களில், திடலிலிருந்து அவள் சிரிப்பு புல்வெளிவரை வரும். அவனும் டூகலும் நாலு மணி நேரம் ஒன்றும் பேசாமல் ஆடுவார்கள்.

தானாக வருவாள் என்று காத்திருந்தான். காத்திருப்பது பரிகாரமாகாது என்று புரிய அவனுக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. ஒருநாள் ஃபின்லேயின் கடைக்குப் போய்க் குடைக்கூடைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"அதுவா?" என்றான் ஃபின்லே. "அது அந்த வருஷமே போயிருச்சு, மர்டோ."

"அதே மாதிரி இன்னொண்ணு வேணும். அகலமா, லேசா. முதுகுல குழிச்சது. மண்வாரி மாதிரி இருந்தாலும் பரவால்ல. மண்வாரி மாதிரிதான் வேணும்."

ஃபின்லே அவனை உற்றுப் பார்த்தான். பழைய மட்டைகள் வரும்போதெல்லாம் தேடி, பல மாதங்களுக்குப் பின் அழைத்துக் கொடுத்தான். மர்டோ அவற்றைத் தன் கையாலேயே பளபளக்கத் துடைத்து, நெட்டாவின் பிறந்தநாள் காலையில் சமையலறை மேசையில் வைத்தான்.

அவள் பொதியைப் பிரித்தாள். ஏழாம் நம்பரை எடுத்தாள். மேசைக்கும் அடுப்புக்கும் நடுவே இருந்த சிறிய இடத்தில் இடப்பக்கமாக நின்று மெதுவாக வீசினாள். உடல் மறக்கவில்லை. 

"நல்லாருக்கு," என்றாள். "எனக்குச் சரியா இருந்திருக்கும்."

"சனிக்கிழமை வரியா? டூகல வேண்டாம்னு சொல்லிடறேன். நாம ரெண்டு பேரும் மட்டும்."

அவள் மட்டையை மேசையில் கிடத்தினாள். ஈரத்துணியால் துடைப்பதுபோல அதன்மேல் கையை ஒருமுறை ஓட்டினாள்.

"சனிக்கிழமை எனக்கு ஆட்டம் இருக்கு."

"அப்ப அடுத்த வாரம்."

"மர்டோ, எனக்குக் கோவம் இல்ல. கோவம் இருந்தா அன்னிக்கே அந்த எட்டாம் நம்பர உன் தலைல போட்டிருப்பேன். ஆசை இருந்துச்சு. அது போயிருச்சு. கோவம்னா நீ சமாதானம் பண்ணலாம். ஆசை போனா யாரால என்ன பண்ண முடியும், சொல்லு?"

அவன் மட்டைகளை ஒவ்வொன்றாகப் பொதியில் திரும்ப வைத்தான்.

"இத மாடிப்படிக்குக் கீழ வைக்காத," என்றாள் அவள். "ஃபின்லேகிட்டயே குடுத்துரு. குடைக்குப் பின்னால மட்டும் மாட்ட வேண்டாம்னு சொல்லு." பிறகு அவன் கன்னத்தில் முத்தமிட்டு, கெட்டிலை அடுப்பில் ஏற்றினாள்.

அந்தச் சனிக்கிழமை மர்டோ அந்த மட்டைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினான். கடைக்குத்தான் கிளம்பினான். கால்கள் பயிற்சித் திடலுக்குத் திரும்பின. ஆளில்லாத ஓரத்தில் ஒரு பந்தை வைத்து, வாழ்நாளில் முதன்முறையாக இடக்கை ஆட்டக்காரனாக நின்றான். பிடித்தான், விரல்கள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டன. வீசினான், பந்து அசையவில்லை. மறுபடி வீசினான், புல் பறந்தது. ஊரின் ஆட்டக்காரர்களில் பெயர் பெற்றவன், முதல்நாள் குழந்தைபோலத் தடுமாறினான். கையிலிருந்ததோ இலகுவான, அகலமான, பிழை பொறுக்கும் மட்டை. அதை வைத்தே இப்படியென்றால், கத்திபோல் மெலிந்த இரும்பைக் கொடுத்து, ஆகாத பக்கம் நிறுத்தி, ஒரு வசந்தம் முழுக்க, ஒரு கோடை முழுக்க...

"டேய்!" வேலிக்கு அப்பாலிருந்து டூகலின் குரல் வந்தது. "என்னடா இது? கடலுக்கா அடிக்கற? ஒழுங்கா நில்லுடா!"

'ஒழுங்கா' என்ற அந்தச் சொல், குளிர்ந்த இரும்பின் அதிர்ச்சிபோல அவன் முழங்கைவரை ஏறியது.

"டூகல்," என்றான், திரும்பாமல். "அன்னிக்குச் சுவரோரத்துல நெட்டா அடிச்ச அடி, அது யோகம் இல்லடா."

"எந்த அடி?"

டூகல் மறந்துவிட்டிருந்தான். ரீனாவும் மறந்திருப்பாள். ஊரும் மறந்துவிட்டது. சிரித்தவர்களுக்கு நினைவு இருப்பதில்லை. அந்த அடி இப்போது உலகில் இரண்டே பேரிடம் இருந்தது. அவர்களில் ஒருத்திக்கு அது இனி வேண்டாம்.

அவன் மீண்டும் வீசினான். மட்டையின் ஓரத்தில் பட்டும் பந்து எழுந்து, கோணலாக, பாதித் தொலைவு போய் விழுந்தது. ஃபின்லே சொன்னது சரிதான். பாதியாவது போகும்.

கடையில், வாசலுக்கு நேரெதிரே, கண்ணுயரத்தில், அந்த இடக்கை மட்டைகளை மாட்ட ஒரு வரிசையை மர்டோவே காலி செய்தான்.

"முன்னால மாட்டினா எனக்கு வியாபாரம் படுத்துரும், மர்டோ," என்றான் ஃபின்லே. "பத்துப் பேர்ல ஒருத்தர் வந்து கேட்டாப் பெரிசு."

"அந்த ஒருத்தர் கேக்க வேண்டியிருக்கக் கூடாது, ஃபின்லே. உள்ள வந்ததும் கண்ணுல படணும்."

மாட்டி முடித்ததும், மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்து அதன் பக்கத்தில் சாய்த்து வைத்தான். காற்று ஏதுவாக இருந்தது. தேவாலயத்துப் பக்கமிருந்து, பந்தோடு பந்து மோதும் ஓசையும், பல குரல்களுக்கு நடுவே தெரிந்த குரலொன்றின் சிரிப்பும் வந்தன. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவ்வளவுதான் அவனுக்கு மிஞ்சியது.

சாட்சிகளே, மர்டோவைத் தூற்றிவிட்டுக் கலைந்து போகலாம் என்று எண்ணாதீர்கள். கில்ஹேவன் தொலைவில் இருக்கிறது; உங்கள் வீடு பக்கத்தில் இருக்கிறது. அங்கே போங்கள். இடக்கை நீட்டிப் பலகாரம் வாங்கும் பிள்ளையின் விரலைத் தட்டிவிடும் உங்கள் கையை இன்றே நிறுத்துங்கள். சோற்றுக்கை என்றும் பீச்சாங்கை என்றும் ஒரே உடலின் இரு கைகளுக்குச் சாதி பிரித்த நாவை அடக்குங்கள். பள்ளிக்குப் போய், இடக்கைப் பிள்ளைக்கு ஏற்ற மேசையும் கத்தரிக்கோலும் எங்கே என்று கேளுங்கள்; இல்லையென்றால் வரும்வரை கேளுங்கள். உங்கள் மனைவியோ மகளோ கடையில் ஒரு பொருளைத் தொட்டுவிட்டு "சரி, இருக்கட்டும்" என்று கீழே வைத்தால், அங்கேயே நில்லுங்கள். அவள் கை எதன்மேல் தங்கியதென்று பாருங்கள். உனக்கு எது வேண்டும் என்று கேளுங்கள். பதில் வரும்வரை விலைச்சீட்டின் பக்கம் திரும்பாதீர்கள்!